ஐந்து சென்டில் ஓர் இரவு

நியூயார்க் நகரத்தின் அடியிலே, பூமிக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது ரயில். நள்ளிரவு. வண்டியிலே கூட்டம் இல்லை. ஒரு மூலையில் கறுப்பு நிறத்து இளைஞன் ஒருவன் உட்கார்ந்தபடியே உறங்குகிறான். வண்டி புரூக்ளின் பகுதியின் கோடியைத் தொட்டதும் ஊழியர் வந்து எழுப்புகிறார். கண்ணைத் துடைத்துக்கொள்கிறான். வண்டி திரும்புகிறது, அவனும் திரும்புகிறான். ஹார்லெம் வந்ததும் மறுபடி எழுப்புகிறார்கள், மறுபடி புரூக்ளின் பக்கம். பொழுது விடிகிறவரை இதே கதை!

அவனுக்குப் போகவேண்டிய இடம் எதுவும் இல்லை. படுக்க இடமில்லை, அதனால்தான் பயணம். கட்டணம் ஐந்தே சென்ட். ஐந்து சென்டுக்குத் தலைக்கு மேலே கூரையும் உடம்புக்குக் கொஞ்சம் வெதுவெதுப்பும் கிடைக்கக்கூடிய இடம், வானளாவும் மாளிகைகள் நிறைந்த அந்த மாநகரிலே வேறு எங்கும் இல்லை.

யார் அந்த இளைஞன்? பிழைப்புத் தேடி வந்தவனா? அல்ல. படிக்க வந்த மாணவன்! கடல் கடந்து, ஆப்பிரிக்காவிலிருந்து, பட்டம் பெற வந்தவன். அதே ஹார்லெம் தெருக்களிலே 1958ஆம் ஆண்டு ஜூலை மாதம் பெருங்கூட்டம் கூடிற்று. ஒரு சுதந்திர நாட்டின் பிரதமரை வரவேற்கக் கூடிய கூட்டம். வந்த பிரதமர் வேறு யாருமல்ல, ஐந்து சென்டு கொடுத்து ரயிலிலே உறங்கிய அந்த மாணவர்தான். பெயர் குவாமே நிக்ரூமா. கானா நாட்டு விடுதலைத் தலைவர்; 1972இல் மறைந்தவர்.

தலைவர்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள், மாலை விழுந்த நாட்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதுவது வழக்கம். நாம் இன்று எழுத எடுத்துக்கொண்டது, மாலை விழாத பன்னிரண்டு ஆண்டுகளை. 1935 முதல் 1947 வரை, அந்நிய மண்ணிலே அவர் என்ன படித்தார், யாரிடம் படித்தார், படித்ததில் எதை நினைவில் வைத்தார், எதை மறந்தார் என்பதைத் தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். கடைசிக் கேள்வி கசப்பானது. ஆனாலும் அதை விட்டுவிட்டு இந்த வரலாற்றைச் சொல்ல நமக்கு மனமில்லை.

பொற்கொல்லர் மகன்

மேற்கு ஆப்பிரிக்காவிலே, வெள்ளையர் தங்கக் கடற்கரை என்று பெயரிட்ட நாடு. பெயரிலேயே அவர்களுடைய நோக்கம் தெரிகிறதல்லவா! மண்ணுக்குள்ளே தங்கம், மண்ணுக்கு மேலே கொக்கோ. இரண்டையும் வாரிக்கொண்டு போக பிரிட்டிஷ் கொடி அங்கே பறந்தது.

அந்த நாட்டின் தென்மேற்குக் கோடியில் நிக்ரோபுல் என்ற சிற்றூரில் பிறந்தவர் நிக்ரூமா. தந்தை பொற்கொல்லர். தாய் நியானிபா, சில்லறை வியாபாரம் செய்து வந்தவர். பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. ஞானஸ்நானம் செய்து வைத்த பாதிரியார் உத்தேசமாகக் குறித்த 1909 செப்டம்பர் 21 என்பதே பிற்காலத்தில் அவருடைய பிறந்த நாளாக நின்றது. ஏழை வீட்டுப் பிள்ளைக்குத் தேதி எதற்கு என்று எந்த நாட்டிலும் அந்நாளில் நினைத்தார்கள்!

அக்ரா நகரில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். அது அச்சிமோட்டா கல்லூரியாக வளர்ந்தது. அங்கே கெகிர் ஆக்ரே என்ற ஆப்பிரிக்க ஆசான் இருந்தார். அமெரிக்கா சென்று படித்துத் திரும்பியவர். கறுப்பன் படித்தால் வெள்ளையனுக்குச் சற்றும் குறைந்தவனல்லன் என்பதற்கு நடமாடும் சான்றாக விளங்கியவர். அவரைக் கண்ட நாள் முதலே அமெரிக்கா செல்லும் ஆசை இளைஞர் நெஞ்சிலே வேரூன்றிவிட்டது. 1930இல் பயிற்சி முடிந்து பள்ளி ஆசிரியரானார். இந்த நேரத்தில் நைஜீரியாவைச் சேர்ந்த ஆசிகிவே என்பவர் அக்ராவில் பத்திரிகை நடத்தி வந்தார். அவரும் அமெரிக்காவில் படித்தவரே. அவருடைய எழுத்து ஆசையை உறுதியாக்கிற்று.

ஆசை இருந்தது, பணம்? ஆசிரியர் சம்பளத்திலே மிச்சம் பிடித்து அமெரிக்கா போவதென்றால் ஆயுள் போதாது. லாகோசில் உறவினர் ஒருவர் இருந்தார். அவரைப் பார்க்க, கட்டணம் செலுத்த வழியின்றி, கப்பலிலே ஒளிந்துகொண்டு சென்றார் நிக்ரூமா. அவர் 100 பவுன் கொடுத்தார். ஊர்த் தலைவராக இருந்த இன்னொரு உறவினர் 50 பவுன் கொடுத்தார். அவ்வளவுதான் முதலீடு. 1935இல் தாயிடம் விடைபெற்றுக் கப்பலேறினார்.

அமெரிக்கா செல்லும் வழியில் லண்டனிலே தங்க நேர்ந்தது. ஒரு நாள் தெருவிலே பத்திரிகை விற்போர் கூச்சல். விளம்பரத் தட்டியிலே கொட்டை எழுத்துகளில் செய்தி: முசோலினியின் படை எத்தியோப்பியாவுக்குள் புகுந்துவிட்டது. ஆப்பிரிக்காவிலே அடிமைப்படாமல் எஞ்சியிருந்த பழம்பெரும் நாடு எத்தியோப்பியா. அதற்கும் வந்துவிட்டது கேடு! சுற்றிலும் பார்க்கிறார். லண்டன் மக்கள் தம் வேலையைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். ஒருவர் முகத்திலும் மாற்றம் இல்லை. பிறந்த வீட்டிலே தீ விழுந்ததாகச் சேதி கேட்டவன் போல நின்றார் அந்த இளைஞர். புதிய நாட்டில் கால் வைக்கும் முன்பே கிடைத்த முதல் பாடம் இது.

தோட்டி வேலையும் தேர்வும்

பென்சில்வேனியா மாநிலத்திலே உள்ளது லிங்கன் பல்கலைக்கழகம். வெள்ளையர் கல்லூரிகளின் கதவு கறுப்பருக்கு மூடிக்கிடந்த காலத்திலே, 1854இல், கறுப்பு மாணவருக்கென்று தோன்றிய நிலையம். பின்னர் ஆபிரகாம் லிங்கன் பெயரைச் சூட்டிக்கொண்டது. நிக்ரூமா அங்கே போய்ச் சேர்ந்தபோது வகுப்புகள் தொடங்கி இரண்டு மாதமாகிவிட்டது. கையிலே மிச்சம் சுமார் 40 பவுன். கல்லூரி முதல்வர் முன் நின்று நிலையைச் சொன்னார். பருவத் தேர்வு வரை பார்ப்போம், தேறினால் இருக்கலாம் என்று ஏற்பாடாயிற்று. தேறினார். நன்றாகவே தேறினார். உதவித் தொகையும், நூலகத்திலே சிறு வேலையும் கிடைத்தன.

அது போதவில்லை. சாப்பாட்டுக் கூடத்திலே சக மாணவர்களுக்குப் பரிமாறினார். எழுதச் சோம்பல்பட்ட மாணவர்களுக்காகக் கட்டுரைகளை எழுதிக் கொடுத்து ஆளுக்கு ஒரு டாலர் வாங்கினார். கல்லூரி நடக்கும் நாட்களிலே வயிறு எப்படியோ நிரம்பிற்று. கோடை விடுமுறை வந்தால்தான் ஆபத்து! மற்ற மாணவர்கள் வீட்டுக்குப் போவார்கள். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் வீடு இருப்பவன் எங்கே போவான்?

நியூயார்க்கின் ஹார்லெம் பகுதிக்குப் போனார். கறுப்பு மக்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்த பகுதி. அமெரிக்காவையே ஆட்டிப் படைத்த பொருளாதார மந்தம் இன்னும் தீராத காலம். வெள்ளைத் தொழிலாளிக்கே வேலை இல்லை என்றால், கறுப்புத் தொழிலாளியின் கதியைச் சொல்லவா வேண்டும்? விடியற்காலையிலே மொத்த விலைக்கு மீன் வாங்கித் தெரு முனையில் நின்று விற்றார். மீன் பட்ட இடமெல்லாம் உடம்பில் தடிப்பு எழுந்தது. அந்த வியாபாரம் முடிந்தது.

அடுத்தது சோப்புத் தொழிற்சாலை. சோப்புத் தொழிற்சாலை என்றதும் மணக்க மணக்க வீடு திரும்பலாம் என்றுதான் அவரும் எண்ணினார். உள்ளே போனபின் தெரிந்தது உண்மை. சோப்பு எதிலிருந்து செய்யப்படுகிறது? கொழுப்பிலிருந்து. கொழுப்பு எங்கிருந்து வருகிறது? முற்றத்திலே மலையாகக் குவிந்து கிடந்தன, அழுகிய மிருகக் குடல்களும் கொழுப்புக் கட்டிகளும். கவைக்கோலால் அவற்றை வாரித் தள்ளுவண்டியிலே ஏற்றி உள்ளே கொண்டு போய்க் கொட்ட வேண்டும். அதுதான் அவருக்கு இட்ட வேலை. குமட்டலை அடக்குவதே பெரும்பாடு. இரண்டு வாரத்துக்குள், படித்துப் பட்டம் வாங்க வேண்டுமானால் இந்த வேலையை விட்டுவிடு என்று மருத்துவர் ஒருவர் எச்சரித்தார். சீமான் வீட்டுக் குளியலறையிலே மணக்கும் சோப்புக் கட்டிக்குப் பின்னால் நாற்றத்திலே நின்று நலியும் ஒரு தொழிலாளி இருக்கிறான் என்பதை ஏட்டிலே படித்தல்ல, மூக்கிலே உணர்ந்து தெரிந்துகொண்டார் அந்த மாணவர்.

பிறகு கப்பல். நியூயார்க்கிலிருந்து மெக்சிகோ நாட்டு வேராகுரூஸ் துறைமுகம் போய்த் திரும்பும் கப்பலிலே பரிமாறும் ஆளாகச் சேர்ந்தார். பரிமாறும் முறை தெரியாது என்பது அம்பலமாயிற்று. அண்டா குண்டா தேய்க்கும் வேலைக்கு இறக்கினார்கள். அங்கிருந்து தட்டுக் கழுவும் வேலைக்கு உயர்ந்தார். அதுவும் உயர்வுதான்! கடல் தொழிலாளர் சங்கத்திலே உறுப்பினரும் ஆனார். மூன்று வேளைச் சாப்பாடும் படுக்க இடமும் உறுதி என்பதால் விடுமுறைதோறும் கப்பலுக்கே போனார். 1939இல் உலகப் போர் மூண்டு அந்த வழியும் அடைபடும் வரை இது நடந்தது.

இந்த வேலைகளுக்கு இடைப்பட்ட நாட்களிலேதான் ஐந்து சென்டு ரயில் இரவுகள். பிலடெல்பியாவில் ஓர் இரவு, அறைக்குப் பணமில்லாமல் நண்பரும் அவரும் ரயில் நிலையத்திலே ஒடுங்கினர். போலீசார் விரட்டினர். பூங்கா பெஞ்சிலே படுத்தனர். மழை வந்து விரட்டிற்று!

தாகத்துக்குத் தண்ணீர்

பசியைவிடக் கொடியது ஒன்று உண்டு. பிலடெல்பியாவிலிருந்து வாஷிங்டனுக்குப் பஸ்ஸிலே போகும் வழியில் பால்டிமோர் நகரில் வண்டி நின்றது. நா வறண்டது. நிலையத்து உணவகத்திலே நுழைந்து குடிக்கத் தண்ணீர் கேட்டார். பணம் கேட்கவில்லை, பதவி கேட்கவில்லை, தண்ணீர்! அங்கே பணியிலிருந்த வெள்ளையர் அவரை ஏற இறங்கப் பார்த்து, வெளியே இருந்த எச்சிற் படிக்கத்தைக் காட்டி, உனக்கு உரிய இடம் அதுதான் என்றார்.

இதைப் படிக்கிற தமிழ்நாட்டுத் தோழருக்கு விளக்கம் வேண்டியதில்லை. தனிக் குவளையும் தனிக் கிணறும் கண்ட நாடு நம் நாடு. அங்கே நிறத்தின் பேரால் நடந்தது, இங்கே சாதியின் பேரால் நடந்தது.

நிக்ரூமா கூச்சலிடவில்லை. தலை நிமிர்ந்து வெளியேறினார். ஆனால் மறக்கவில்லை. இதிலே ஒரு வேடிக்கையும் உண்டு. 1957 அக்டோபரில், விடுதலை பெற்ற கானாவின் நிதி அமைச்சர் பெடிமா, அமெரிக்காவிலே டெலவேர் மாநிலத்தில் ஓர் உணவகத்துக்குப் போனார். கறுப்பர் இங்கே உட்கார்ந்து அருந்தக் கூடாது என்று ஆரஞ்சுச் சாறு மறுக்கப்பட்டது. இம்முறை படிக்கத்தைக் காட்டியதோடு கதை முடியவில்லை. செய்தி உலகெங்கும் பரவிற்று. அமெரிக்க ஜனாதிபதி ஐசனோவர் அந்த அமைச்சரை வெள்ளை மாளிகைக்கு அழைத்துக் காலை உணவு கொடுத்துச் சமாதானம் செய்யும்படி ஆயிற்று! மாணவனுக்கும் அமைச்சருக்கும் நிறம் ஒன்றுதான். அமைச்சருக்குப் பின்னால் ஒரு சுதந்திர நாடு நின்றது, அதுதான் வேறுபாடு. நாடு விடுதலை பெறுவதால் ஏழைக்கு என்ன லாபம் என்று கேட்போருக்கு இதைவிடத் தெளிவான பதில் நமக்குத் தெரியவில்லை.

நள்ளிரவு ஷிப்டு

1939இல் பட்டம் பெற்றார். பொருளாதாரமும் சமூக இயலும் பாடம். மேலே படிக்க ஆசை, பணமில்லை. லிங்கனிலேயே தத்துவம் சொல்லித்தரும் உதவி விரிவுரையாளர் வேலை கிடைத்தது. அதோடு சமய இயல் படித்தார். அதோடு நாற்பது ஐம்பது மைல் தொலைவிலுள்ள பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திலும் சேர்ந்தார். 1942இல் சமய இயல் பட்டமும் கல்வியியல் முதுநிலைப் பட்டமும், 1943இல் தத்துவத்தில் முதுநிலைப் பட்டமும் வந்தன.

பட்டங்களை வரிசையாக எழுதிவிடுவது எளிது. அவற்றின் விலையைப் பாருங்கள். போர்க்காலத்திலே செஸ்டர் நகரத்துக் கப்பல் கட்டும் தளத்தில் கணக்கெண்ணும் ஆளாக வேலை. நள்ளிரவு 12 மணி முதல் காலை 8 மணி வரை ஷிப்டு. திறந்த வெளி, பனிக்காலம். உள்ள துணியை எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டாலும் குளிர் எலும்பைத் துளைக்கும். இரும்பைத் தொட்டால் கை ஒட்டிக்கொள்ளும். காலையிலே அறைக்கு வந்து எதையோ விழுங்கிச் சில மணி நேரம் உறங்கி, மறுபடி ஆராய்ச்சிக்குப் புத்தகம். ஒரு நாள் உடம்பு தாங்கவில்லை. நிமோனியா! மருத்துவமனையிலே சேர்த்தார்கள்.

ராத்திரி ஷிப்டு பார்க்கிற தோழர்களுக்கு அந்த விடியற்காலைக் கண்ணெரிச்சல் தெரியும். அதோடு உட்கார்ந்து தத்துவம் படிப்பதென்றால் எத்தகைய உறுதி வேண்டும் என்பதையும் அவர்கள்தாம் சரியாக எடை போட முடியும்.

வகுப்பறைக்கு வெளியேயும் படிப்பு நடந்தது. ஜமைக்காவிலே பிறந்து கறுப்பு மக்களை ஆப்பிரிக்கா நோக்கித் திருப்பிய மார்க்கஸ் கார்வேயின் நூல் அவரை உலுக்கிற்று. ஆப்பிரிக்க மாணவர் சங்கம் கட்டி அதன் தலைவரானார். இன்னொன்று செய்தார், நம் தோழர்கள் கவனிக்க வேண்டியது. குடியரசுக் கட்சி, ஜனநாயகக் கட்சி, கம்யூனிஸ்டுகள், டிராட்ஸ்கியவாதிகள் என்று ஒவ்வோர் இயக்கத்தையும் நெருங்கிப் பார்த்தார். கொள்கையைக் கேட்பதற்காக மட்டும் அல்ல. அமைப்பை எப்படிக் கட்டுகிறார்கள், கிளை எப்படி நடக்கிறது, துண்டறிக்கை எப்படிப் போகிறது என்பதைக் கற்பதற்காக. டிரினிடாடைச் சேர்ந்த எழுத்தாளர் சி. எல். ஆர். ஜேம்ஸிடம் மறைமுக இயக்கம் நடத்தும் முறையைத் தெரிந்துகொண்டார்.

1945 மே மாதம் நியூயார்க் துறைமுகத்திலிருந்து கப்பல் புறப்பட்டது. கையிலே தீபம் ஏந்தி நிற்கும் சுதந்திர தேவி சிலை கண்ணிலிருந்து மறைந்தது. அந்தத் தீபத்தின் வெளிச்சம் பால்டிமோர் பஸ் நிலையம் வரை எட்டவில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனாலும் வசைபாடிக்கொண்டு அவர் புறப்படவில்லை. ஒதுக்கிய வெள்ளையர் இருந்த அதே நாட்டிலே, இடம் கொடுத்த ஆசான்களும், சோறிட்ட கறுப்புக் குடும்பங்களும் இருந்ததை அவர் அறிவார்.

பொறுக்கிய கரியும் போட்ட திட்டமும்

லண்டனுக்கு வந்தது சட்டமும் மேற்படிப்பும் படிக்க. பெயரைப் பதிந்ததோடு சரி! ஜார்ஜ் பேட்மோர் என்ற கறுப்பினப் போராளி ரயில் நிலையத்துக்கே வந்து அவரை அழைத்துக்கொண்டார். படிப்பு பின்னே போயிற்று, இயக்கம் முன்னே வந்தது.

1945 அக்டோபரில் மான்செஸ்டர் நகரிலே ஐந்தாவது அனைத்து ஆப்பிரிக்க மாநாடு. பேட்மோரும் நிக்ரூமாவும் செயலாளர்கள். 77 வயது முதியவர் டு போய்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்தார். கென்யாவின் கென்யாட்டா வந்தார். முன்பெல்லாம் இத்தகைய மாநாடுகளிலே படித்த பெருமக்கள் கூடிப் பணிவாக வேண்டுகோள் எழுதுவார்கள். மான்செஸ்டரிலோ தொழிற்சங்கத்தாரும் உட்கார்ந்திருந்தனர். அடிமை நாட்டுத் தொழிலாளியின் கையிலே வேலைநிறுத்தமும் புறக்கணிப்பும் ஆயுதங்கள் என்று அங்கே அறிவிக்கப்பட்டது. அந்த அறிக்கையை எழுதியவர் நிக்ரூமா. தோழர்கள் இதை மனதில் குறித்து வைத்துக்கொள்ளட்டும், பின்னால் தேவைப்படும்.

லண்டனிலே இயக்கத்துக்கு ஓர் அலுவலகம் இருந்தது. குளிர் காயக் கரி வாங்கக் காசில்லை. கரி வண்டிகள் போகும் தெருக்களிலே நடந்து, சிதறி விழுந்த கட்டிகளைப் பொறுக்கிக்கொண்டு வருவார் நிக்ரூமா. தங்கியிருந்த வீட்டிலே வீட்டுக்கார அம்மையார் இரவு உணவு எடுத்து வைப்பார். அதற்கு ஈடாகப் பாத்திரங்களைக் கழுவி வைத்துவிட்டுப் படுப்பார் இவர். இரண்டு முதுநிலைப் பட்டம் பெற்றவர் கழுவினால் பாத்திரம் மறுக்குமா என்ன?

திண்ணைப் பையன்களின் தலைவர்

1947 நவம்பரிலே ஊர் திரும்பக் கப்பலேறினார். வழக்கறிஞர்களும் வணிகர்களும் நடத்திய மாநாட்டுக் கட்சி ஒன்று அவரைச் செயலாளராக அழைத்திருந்தது. பன்னிரண்டு ஆண்டுக்குப் பின் வந்து நின்ற மகனைப் பெற்ற தாய்க்கே உடனே அடையாளம் தெரியவில்லை.

1948 பிப்ரவரி 28இல், பிரிட்டனுக்காகப் போரிட்டுத் திரும்பிய முன்னாள் படைவீரர்கள் தம் குறைகளைச் சொல்ல ஊர்வலமாகக் கவர்னர் மாளிகை நோக்கிப் போனார்கள். துப்பாக்கி வெடித்தது. மூவர் மாண்டனர். நாடு கொதித்தது. மேட்டுக்குடித் தலைவர்கள் காலம் கனியட்டும் என்றனர். இப்போதே தன்னாட்சி என்றார் நிக்ரூமா. 1949 ஜூன் 12இல் மக்கள் மாநாட்டுக் கட்சி பிறந்தது.

யார் அந்தக் கட்சியின் தொண்டர்கள்? பாதிப் படிப்போடு நின்றவர்கள், வேலை கிடைக்காதவர்கள், சந்தையிலே கடை போடும் பெண்கள், ரயில்வே தொழிலாளிகள். இரவிலே பிறர் வீட்டுத் தாழ்வாரத்திலே படுத்து உறங்குபவர்கள் என்பதால் திண்ணைப் பையன்கள் என்று எதிரிகள் ஏளனம் செய்தார்கள். ஏளனம் யாரைப் போய்ச் சுடும்? ரயில் பெட்டியிலும் பூங்கா பெஞ்சிலும் உறங்கியவரை அது சுடுமா? அந்தப் பெயரையே கட்சி பெருமையோடு சூட்டிக்கொண்டது!

1950 ஜனவரியில் பொது வேலைநிறுத்தம். காந்தியாரின் முறையைப் பின்பற்றி, வன்முறையின்றி நடத்தத் திட்டமிட்ட போராட்டம். செகொண்டி, தக்கோராடி ரயில்வே தொழிலாளர்கள் அதன் முதுகெலும்பு. எஞ்சின் டிரைவரான போபீ பைனி போன்றவர்கள் முன்வரிசையில் நின்றனர். நிக்ரூமா சிறைக்குப் போனார். தொண்டர்களும் போனார்கள். சிறை சென்று மீண்டவர்கள் தலையிலே பி.ஜி. என்று எழுதிய தொப்பி அணிந்தனர். சிறைப் பட்டதாரி என்று அதற்குப் பொருள்! லிங்கன் கொடுத்த பட்டம் சிலருக்குத்தான் எட்டும். இந்தப் பட்டம் ரயில்வே தொழிலாளிக்கும் எட்டிற்று.

1951 பிப்ரவரித் தேர்தலிலே சிறைக்குள் இருந்தபடியே அக்ரா தொகுதியில் போட்டியிட்டார். பதிவான 23,122 வாக்குகளில் 22,780 அவருக்கு! நேரடித் தேர்தல் நடந்த 38 இடங்களில் 34 அவர் கட்சிக்கு. சிறைக் கதவைத் திறந்து, ஆட்சி அமைக்க வாரும் என்று கவர்னர் அழைத்தார். அதே ஆண்டு ஜூனில், இரண்டு மாதம் தாமதமாக வந்த அந்த மாணவரை லிங்கன் பல்கலைக்கழகம் அழைத்து டாக்டர் பட்டம் தந்து சிறப்பித்தது. 1957 மார்ச் 6 பிறந்த நள்ளிரவிலே, அக்ரா போலோ மைதானத்தில், பி.ஜி. தொப்பியோடு மேடையேறி நாட்டின் விடுதலையை அறிவித்தார். தங்கக் கடற்கரை அன்று கானா ஆயிற்று.

மறந்த பாடம்

இங்கே நிறுத்திவிட்டால் கதை இனிக்கும். ஆனால் நாம் நிறுத்துவதற்கில்லை.

ஆட்சியிலே அவர் செய்த நன்மைகளை மறைக்க முடியாது. தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை ஒழித்தார். டேமாவிலே துறைமுகம் எழுந்தது. அகோசோம்போவிலே வோல்டா ஆற்றை மறித்துப் பேரணை எழுந்தது. முதியவர் டு போய்ஸை கானாவுக்கே அழைத்து ஆதரித்தார்.

ஆனால் 1958இலேயே விசாரணையின்றிச் சிறைவைக்கும் சட்டம் வந்தது. தொழிலாளர் சட்டமும் வந்தது. வேலைநிறுத்தம் ஏறத்தாழ இயலாததாயிற்று. 1961இல் வரவு செலவுத் திட்டத்திலே, கட்டாயச் சேமிப்பு என்று சம்பளத்தில் நூற்றுக்கு ஐந்து பிடித்தம் என அறிவிப்பு. செப்டம்பரிலே செகொண்டி, தக்கோராடி ரயில்வே தொழிலாளிகள் வேலையை நிறுத்தினார்கள். 1950இலே அவருக்காக எஞ்சினை நிறுத்திய அதே ஊர், அதே தொழிலாளிகள்! இரண்டு வாரத்துக்கு மேல் நின்றார்கள். ஆட்சி என்ன செய்தது? உட்கார்ந்து பேசித் தீர்த்ததா? எச்சரித்தது, அடக்கிற்று, முன்னின்றவர்களை விசாரணையின்றிச் சிறையிலிட்டது. வேலைநிறுத்தம் தொழிலாளியின் ஆயுதம் என்று மான்செஸ்டரிலே எழுதிய கைதான் அந்த ஆட்சியை நடத்திய கை.

1964இல் ஒரே கட்சி என்று சட்டமாயிற்று. மக்கள் வாக்களிப்பிலே நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் ஆதரவு என்று கணக்குக் காட்டினார்கள். அப்படிப்பட்ட கணக்கைக் கண்டால் மகிழக் கூடாது, அஞ்ச வேண்டும். அவரை முதலில் செயலாளராக அழைத்த கட்சியின் மூத்த தலைவர் டான்குவா 1965இல் சிறையிலேயே மாண்டார். கொக்கோ விலையும் வீழ்ந்தது. 1966 பிப்ரவரி 24, வியட்நாம் போரை நிறுத்த வழி தேடி ஹனோய் நோக்கிப் பயணம். பீக்கிங் போய்ச் சேர்ந்தபோது செய்தி வந்தது: இராணுவமும் போலீசும் ஆட்சியைப் பிடித்துவிட்டன. அக்ராவிலே அவர் சிலை சாய்க்கப்பட்டது. இலட்சக்கணக்கில் உறுப்பினர் இருந்ததாகச் சொன்ன கட்சி என்ன செய்தது? எதிர்த்து நிற்கவில்லை. எப்படி நிற்கும்? நிற்கக்கூடியவர்களை அடக்கி உட்கார வைத்தாகிவிட்டதே!

அந்நியக் கை அதிலே இருந்தது என்று அவர் குற்றம் சாட்டினார். அந்நியக் கை எந்நாளும் வாய்ப்பை எதிர்பார்த்தே நிற்கும். வாசலிலே தொழிலாளி காவல் நின்றால் அது உள்ளே வரத் தயங்கும். அந்தக் காவலைத் தானே விரட்டிவிட்டார் என்பதுதான் நம்முடைய வருத்தம்.

கினி நாடு அடைக்கலம் தந்தது. நோய் முற்றி, ருமேனியாவின் புகாரெஸ்ட் நகரிலே 1972 ஏப்ரல் 27இல் காலமானார். உடல் கினிக்குப் போயிற்று. பின்னர் பிறந்த ஊருக்கு வந்தது. 1992இல் அக்ராவுக்கு வந்தது. விடுதலையை அறிவித்த அந்தப் பழைய போலோ மைதானத்திலேதான் இன்று அவருடைய நினைவிடம் இருக்கிறது. நாடு அவரை மன்னித்தது, மதிக்கவும் செய்தது.

நாமும் மதிக்கிறோம். கடல் கடந்து போகும் ஏழை மாணவருக்கு அவருடைய வாழ்க்கையிலே பெரும் துணிவு இருக்கிறது. இன்றும் நம் ஊர்ப் பிள்ளைகள் கடன் வாங்கிக்கொண்டு வெளிநாடு போய்ப் படிக்கிறார்கள். இரவு கடையிலே நின்று, தட்டுக் கழுவி, காலையிலே வகுப்புக்குப் போகிறார்கள். இதிலே வெட்கம் ஒன்றுமில்லை. கானாவின் முதல் பிரதமர் செய்த வேலை அது என்று அவர்களுக்குச் சொல்வோம்.

நமக்குள்ளே சொல்லிக்கொள்ள வேண்டியது வேறு. கிளைச் செயலாளராக இருந்தாலும் சரி, கோட்டையிலே அமர்ந்தாலும் சரி, ஒரு தொழிலாளி மனுவோடு வாசலில் வந்து நிற்கும்போது, நாம் ரயிலிலே உறங்கிய இரவு நினைவுக்கு வருகிறதா? நிக்ரூமா போன்ற உறுதி படைத்தவருக்கே அது ஒரு நாள் மறந்து போயிற்று. நமக்கு மறக்காது என்று இறுமாந்து இருந்துவிட வேண்டாம்.